நோயாளியின் மனச்சோர்வு



ஆண்டு விழாவில் நோயைப் பற்றிய பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும் நம் இல்லங்களில் முதியோர் இருக்கின்றனர். ஐதராபாத்து மருத்துவமனைகளின் படி ஏறாத குடும்பம் நம்மிடையே அரிது. ஆகவே சிறிது பொறுத்தருள வேண்டுகிறோம்.

மாரடைப்பு, நீரிழிவு, பக்கவாதம், புற்றுநோய் ஆகியவற்றால் படுத்தோரிற் சிலர், உடல் தேறிவரும் வேளையிலும் வாடிக் கிடப்பதைக் காண்கிறோம். “இவ்வளவு பெரிய நோய் வந்தால் மனம் வருந்தாதா?” என்று நாமே நமக்குச் சமாதானம் கூறிக்கொள்கிறோம். அச்சமாதானமே பெருந்தடை. வருத்தம் வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. வருந்துகிறவர் பேரக்குழந்தையைக் கண்டால் சற்றேனும் முகம் மலர்வார். சோர்வு நோயில் ஆழ்ந்தவர்க்கு அம்மலர்ச்சியும் வருவதில்லை. இரண்டு வாரங்களாக நாளின் பெரும்பகுதி இந்நிலை நீடிக்குமாயின், அதனைத் தனி நோயாகக் கருதி மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்.

இதைக் கண்டறிவதில் மருத்துவர்க்கும் இடர்ப்பாடு உண்டு. உறக்கமின்மை, பசியின்மை, களைப்பு ஆகியவை மனச்சோர்வின் குறிகள். உடல்நோயின் குறிகளும் அவையே. ஆதலால் 1983இல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்னும் இருவர் மருத்துவமனை நோயாளிகளுக்கென வினாப்பட்டியல் வகுத்தபோது, அவ்வுடற்குறிகளை ஒதுக்கினர். முன்பு மகிழ்வித்தவை இன்றும் மகிழ்விக்கின்றனவா, சிரிக்க முடிகிறதா என்பன போன்றவற்றையே வினவினர்.

இங்கேதான் அயல்மொழி நகரில் வாழும் நமக்கே உரிய தொல்லை ஒன்று வருகிறது. தமிழ் மட்டுமே அறிந்த தாயார், தெலுங்கும் உருதுவும் ஒலிக்கும் கூடத்தில் படுத்திருக்கிறார். மருத்துவர் வினவ, மகனோ பேரனோ மொழிபெயர்க்கிறான். “நெஞ்சு பாரமாயிருக்கிறது, இனி நான் இருந்து என்ன ஆகப்போகிறது?” என்கிறார் தாயார். முற்பாதி மட்டுமே மருத்துவரின் செவிக்கு எட்டுகிறது, உடனே ஈ.சி.ஜி. எடுக்கப்படுகிறது. பிற்பாதியை, “அம்மா எப்போதும் இப்படித்தான் புலம்புவார்” என்று துணைக்கு நிற்பவர் விழுங்கிவிடுகிறார். மருத்துவர் அறிய வேண்டியதோ அப்பிற்பாதியையுந்தான்.

இதன் விளைவு சிறிதன்று. மாரடைப்புக்கு ஆளான 222 பேரை மான்ட்ரீல் நகரில் ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட அறிக்கை, மனச்சோர்வுற்றோரிடையே ஆறு மாதத்துக்குள் இறப்பு மிகுதி என்று காட்டிற்று. சோர்ந்தவர் மருந்தை மறப்பார், உணவைத் தள்ளுவார், நடைப்பயிற்சியைக் கைவிடுவார் என்பதை எண்ணினால் ஒருவாறு விளங்கும்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. சென்னை, விசாகப்பட்டினம், பெங்களூர், தில்லி ஆகிய இடங்களின் நீரிழிவு மருத்துவ நிலையங்களில் 404 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. மருத்துவரல்லாத பணியாளர் ஒருவர் நோயாளியுடன் அடிக்கடி உரையாடி, மனநிலையையும் மருந்துண்பதையும் கேட்டறிந்து மருத்துவர்க்குத் தெரிவித்தார். மனநல மருத்துவர் ஆலோசனை கூறினார். இரண்டு ஆண்டில், சோர்வு பாதியேனும் குறைந்ததோடு சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றுள் ஒன்றேனும் சீர்பட்டோர் இம்முறையில் நூற்றுக்கு 71.6, வழக்கமான சிகிச்சையில் 57.4.

மருந்து என்றவுடன், பழக்கத்துக்கு அடிமையாக்கிவிடுமோ என்று நம்மவர் அஞ்சுகின்றனர். சோர்வு நீக்கும் மருந்துகள் போதைப் பொருள்கள் அல்ல. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இடையில் தாமே நிறுத்துதல் கூடாது. உண்டுவரும் பிற மருந்துகளையெல்லாம் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது.

எர்ரகட்டா மனநல மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே நடுங்குவோரும் உளர். (அவ்வூர்ப் பெயரை ஏச்சாக வழங்குவது நல்ல பழக்கமன்று.) பொது மருத்துவமனைக்குள்ளேயே மனநலப் பிரிவு அமைவது நம் நாட்டில் புதுமையும் அன்று. 1933இலேயே கல்கத்தா ஆர்.ஜி. கார் மருத்துவமனையில் கிரீந்திரசேகர் போஸ் அதனைத் தொடங்கிவிட்டார்.

இறுதியாக ஒன்று. சாகும் எண்ணம் வருகிறதா என்று நோயாளியைக் கேட்க அஞ்ச வேண்டா. கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் கூறுக. நடுவண் அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்னும் எண்ணில், இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.