மன்னிப்புக் கேட்கும் முறை
(தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு மனிதன் தீங்கு செய்தால் அவனே மன்னிப்புக் கேட்கிறான். ஒரு நாடு தீங்கு செய்தால் யார் கேட்பது? செய்தவர்கள் மாண்டுபோனால் வழக்கும் மாண்டுபோகுமா? சயாம் மரண ரயிலுக்கு ஆள் பறிகொடுத்த குடும்பங்கள் நாம். ஆகவே இந்தக் கேள்வி நம்முடையது.

முதலில் ஜெர்மனியைப் பார்ப்போம். 1970 டிசம்பர் 7ஆம் நாள், மேற்கு ஜெர்மனியின் தலைமை அமைச்சர் வில்லி பிராண்ட், வார்சா நகரில் யூதர்களின் நினைவுச் சின்னத்தின் முன் ஒரு சொல்லும் பேசாமல் முழங்காலிட்டார். அவர் ஹிட்லரின் ஆள் அல்லர். 1933இலேயே தப்பி வெளிநாடு சென்றவர். குற்றம் செய்யாதவர், குற்றம் செய்த தம் நாட்டுக்காக மண்டியிட்டார். ‘எங்கள் காலத்தில் நடக்கவில்லையே’ என்பவர்களுக்கு இதுவே பதில். அப்பன் சொத்தை வாங்கிக்கொள்ளும் பிள்ளை, அப்பன் கடனையும் ஏற்கத்தான் வேண்டும்.

அடுத்தது கனடா. 1914இல் ‘கோமகத்தா மாரு’ கப்பலில் 376 இந்தியர் வான்கூவர் துறைமுகம் போய்ச் சேர்ந்தனர். பெரும்பாலோர் சீக்கியர். கப்பலை அமர்த்திய குர்தித் சிங், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் நடத்தியவர். இரண்டு மாதம் கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைத்து, மிகச் சிலரை மட்டும் இறங்கவிட்டு, மற்றவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கல்கத்தா அருகே துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். 2008இல் பிரதமர் ஹார்ப்பர் ஒரு பூங்கா விழாவில் மன்னிப்புக் கேட்டார். சீக்கியர் பலர் அதை ஏற்கவில்லை. சட்டத்தின் பேரால் செய்த குற்றத்தைச் சட்டம் செய்யும் சபையில் ஒப்புக்கொள் என்றார்கள். விடவில்லை. 2016 மே 18ஆம் நாள் பிரதமர் ட்ரூடோ நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார்.

கென்யாவின் கதை வேறு. 1950களில் பிரிட்டிஷ் முகாம்களில் வதைபட்ட கிழவர்களும் கிழவிகளும் லண்டன் நீதிமன்றம் ஏறினார்கள். அந்தப் பொறுப்பு சுதந்திர கென்யாவையே சேரும் என்று பிரிட்டன் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. மறைத்து வைத்திருந்த பழைய கோப்புகளும் வெளிவந்தன. 2013இல் பிரிட்டன் வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக, வழக்குச் செலவு உட்பட 1 கோடியே 99 இலட்சம் பவுன் கொடுத்தது. ஆனால் சட்டப் பொறுப்பை மட்டும் ஏற்கவில்லை. வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு, தோழர்களே!

இனி ஜப்பான். 1995 ஆகஸ்டு 15இல் பிரதமர் முராயாமா, காலனி ஆட்சியையும் ஆக்கிரமிப்பையும் பெயர் சொல்லி, மனமார மன்னிப்புக் கேட்டார். அது பெரிய காரியம், மறுக்க மாட்டோம். அதற்கு முன்பே, 1967இல், மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி தர ஜப்பான் உடன்பட்டது. அது அரசுக்கும் அரசுக்கும் தீர்ந்த கணக்கு. 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் செத்த தோட்டத் தமிழனின் வீட்டுக் கணக்கு எங்கே தீர்ந்தது? வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய ஒரு கல்லும் இல்லை.

ஆகவே நாம் கற்கும் பாடம் என்ன? நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஒருவன் குனிகிறான், ஒருவன் முழங்காலிடுகிறான், ஒருவன் சபையில் எழுந்து பேசுகிறான். எப்படிச் செய்தாலும், குற்றத்தைப் பெயர் சொல்ல வேண்டும். உரிய இடத்தில் சொல்ல வேண்டும். இழந்தவனுக்கு ஈடு செய்ய வேண்டும். இன்னொன்றும் உண்டு. கேட்காதவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. சீக்கியர் கேட்டார்கள், கென்யர் கேட்டார்கள்.

கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும். பால்மரம் வெட்டும் தோழர்களே, உங்கள் வீட்டிலிருந்து சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டம், திரும்பினாரா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். கிராணிமார்களே, நாள்தோறும் பெயர்ப் பதிவு செய்யும் கை உங்களுடையது. அந்தப் பெயர்களையும் எழுதுங்கள். அந்த ஏடு நம் சங்கத்தில் இருக்கட்டும். பெயரில்லாதவனிடம் யார் வந்து மன்னிப்புக் கேட்பார்?