குழுப்பரப்பு: ஒருமுறை விடுத்துப் பலர்க்கும் சேர்த்தல்

ஒருவர்க்கு மட்டும் உரிய செய்தியை ஓலையில் எழுதி ஆள்வழி விடுத்தனர் நம் முன்னோர். ஊர்க்கெல்லாம் உரியதைப் பறையறைந்து அறிவித்தனர். கணிப்பொறி வலையத்திலும் இவ்விரு முறைகளும் உள. ஓலை போன்றது தனிப்பரப்பு. பறை போன்றது பொதுப்பரப்பு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாம் முறையை ஆங்கிலத்தார் மல்ட்டிகாசுட்டு என்பர். வேண்டிய குழுவினர்க்கு மட்டுமே சேர்ப்பதால் அதனைக் குழுப்பரப்பு எனல் பொருந்தும்.

அதன் தேவை எளிய கணக்கால் விளங்கும். ஓடும் படக்காட்சி ஒன்று நொடிக்கு 40 இலக்கம் துணுக்குகளாகச் செல்வதாகக் கொள்க. அதனை 1000 பேர் ஒரே வேளையில் காண விழைகின்றனர். தனிப்பரப்பாயின், விடுக்கும் கணிப்பொறி ஒரே காட்சியை ஆயிரம் படிகளாக்கி, நொடிக்கு 400 கோடித் துணுக்குகளைத் தள்ள வேண்டும். பொதுப்பரப்பாயின், வேண்டாதார் வாயிலிலும் அது சென்று முட்டும். குழுப்பரப்பிலோ விடுக்கப்படுவது ஒரே படி. வழி பிரியும் இடத்தில் மட்டும், அங்குள்ள வழிச்செலுத்தி என்னும் கருவி மறுபடி எடுக்கும். ஒரு விளக்கினின்று மறுவிளக்கு ஏற்றுவது போன்றது இது; முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை.

இது நடப்பது எவ்வாறு? இணையத்தின் பழைய முகவரி முறையில் 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையுள்ள எண்கள் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. அவை எந்த ஒரு கணிப்பொறியின் முகவரியும் அல்ல. குழுவின் பெயர் போன்றவை. குழுவிற் சேர விரும்பும் கணிப்பொறி, தன் அண்டை வழிச்செலுத்தியிடம் அதனைத் தெரிவிக்கும். வழிச்செலுத்தியும் இடையிடையே, பொதுவாக 125 நொடிக்கு ஒருமுறை, "இக்குழுவினர் இன்னும் உளரோ?" என வினவும். விடை வாராதாயின் அக்கிளையை வெட்டிவிடும். வழிச்செலுத்திகள் தமக்குள் பேசி, வேரும் கிளையுமாக ஒரு மரம் அமைத்துக்கொள்ளும். பெறுவோர் யார், எத்துணையர் என்பதை விடுப்பவர் அறிய வேண்டுவதில்லை.

ஓர் இடர்ப்பாடும் உண்டு. வழியில் ஒரு பொதி தொலையின், ஆயிரவரும் ஒருங்கே "மீண்டும் விடுக்க" எனக் கேட்பின் விடுப்பவர் திணறுவார். ஆதலின் பெற்றமைக்கு ஒப்புகை கேளாமலே பொதிகள் விடுக்கப்படும். இழந்ததை ஈடுசெய்யும் மிகைத்துணுக்குகளை உடன் சேர்த்தனுப்புவதும் உண்டு.

இம்முறையை வகுத்தவருள் தலையாயவர் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்ந்த இசுட்டீவு டீரிங். அவர் எழுதிய நெறிமுறை ஆவணம் 1989ஆம் ஆண்டு வெளிவந்தது. 1992 மார்ச்சில், அமெரிக்காவின் சான் தியேகோ நகரில் நடந்த இணையப் பொறியாளர் கூட்டத்தின் பேச்சொலி இவ்வழியே 20 இடங்களுக்குச் சென்றது. அன்றைய வழிச்செலுத்திகள் பல இம்முறையை அறியா. ஆகவே குழுப்பொதிகளைத் தனிப்பரப்புப் பொதிகளுக்குள் பொதிந்து அவற்றைக் கடத்தினர். எம்போன் எனப்பட்ட வலையம் இவ்வாறு எழுந்தது.

இத்துணைச் சிக்கனமான முறை உலக இணையம் முழுதும் ஏன் பரவவில்லை? கணக்கிற் பிழையில்லை. இடையிலுள்ள ஒவ்வொரு வழிச்செலுத்தியும் ஒவ்வொரு குழுவையும் நினைவிற்கொள்ள வேண்டும். அவை வெவ்வேறு நிறுவனத்தாருடையவை. படியெடுக்கும் உழைப்பு ஒருவருடையது, ஊதியம் மற்றொருவர்க்கு. யாரும் எக்குழுவிற்கும் விடுக்கலாம் என்ற தளர்வால் காப்பும் கெட்டது. எவரும் விடுக்கக்கூடிய அவ்வகையை, நிறுவன எல்லை கடந்து பயன்படுத்தற்க என 2020இல் இணையப் பொறியாளர் குழுவே பரிந்துரைத்தது. விடுப்பவரைச் சுட்டிச் சேரும் வகையையே மேற்கொள்ளச் சொன்னது. திறந்த இணையத்தில் படக்காட்சிகள் இன்று பெரும்பாலும் தனிப்பரப்பாகவே செல்கின்றன. காண்போர்க்கு அருகே படிகளை வைத்துச் சுமையைக் குறைக்கின்றனர்.

எனினும் குழுப்பரப்பு மாய்ந்துவிடவில்லை. ஒரே நிறுவனத்தின் வலையத்துள் செல்லும் தொலைக்காட்சியிலும், பங்குச் சந்தை விலைகளைப் பலர்க்கும் ஒருங்கே அறிவிப்பதிலும் அது வாழ்கிறது. ஆறாம் பதிப்பு இணைய நெறிமுறையோ பொதுப்பரப்பை முற்றும் நீக்கி, அதன் பணியைக் குழுப்பரப்பிற்கே தந்தது.

இதனால் தெளியத்தக்கது ஒன்று. விடுப்பவரும் பெறுபவரும் மட்டும் விரும்பினாற் போதாது. இடைநிற்போர் அனைவரும் சுமையைப் பகிர்ந்தாலன்றி ஒருமுறை விடுத்தது பலரையும் சேராது. எங்கு அப்பகிர்வு உண்டோ, அங்கே குழுப்பரப்பு தழைக்கிறது. எங்கு இல்லையோ, அங்கே ஆயிரவர்க்கும் ஆயிரம் படிகள் தனித்தனியே செல்கின்றன.