கேட்கத் தெரிந்த காதுகள் வேண்டும்



சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்க வந்த ஒரு பிள்ளையை நினைத்துக் கொள்ளுங்கள். ஊரில் கெட்டிக்காரன். முதல் செமஸ்டரில் இரண்டு பாடங்களில் தோல்வி. விரிவுரைக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், "எல்லாம் ஓகேம்மா" என்று சொல்லி வைத்து விடுகிறான்.

நாம் என்ன செய்கிறோம்? "உன்னைவிடக் கஷ்டப்பட்டவங்க எல்லாம் படிச்சு முன்னுக்கு வந்துட்டாங்க" என்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால், அதோடு அவன் வாய் மூடிக்கொள்கிறது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில், உதவி செய்பவரிடம் மூன்று பண்புகள் இருக்க வேண்டும் என்றார்: போலித்தனம் இல்லாமை, நிபந்தனையின்றி ஏற்றுக்கொள்ளுதல், அடுத்தவர் நிலையில் நின்று புரிந்துகொள்ளுதல். அவர் சொன்னது மனநல ஆலோசகர்களைப் பற்றி. ஆனால் அறைத் தோழனும், அக்காவும், மாமாவும்கூட இவற்றைப் பழகலாம்.

எப்படி? முதலில் கைத்தொலைபேசியைக் கீழே வையுங்கள். தொலைக்காட்சியில் இருந்துகொண்டு நானே சொல்கிறேன், தொலைக்காட்சியையும் அணைத்து விடுங்கள்! "ஏன் பெயிலானே?" என்பது விசாரணை. "இந்த செமஸ்டர் எப்படிப் போச்சு, தம்பி?" என்பது அழைப்பு. அவன் பேசும்போது குறுக்கிடாதீர்கள். கேட்டதை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள்: "இங்கிலீஷில பாடம் புரியல, அப்பாகிட்ட சொல்லவும் பயமா இருக்கு, அப்படித்தானே?" தவறாகப் புரிந்திருந்தால் அவனே திருத்துவான். பிறகு, அடுத்த ஒரே ஒரு படியைச் சேர்ந்து தேடுங்கள். விரிவுரையாளரைப் பார்ப்பதா, கல்லூரி ஆலோசகரிடம் போவதா? முடிவு அவனுடையது, துணைக்கு நீங்கள் போகலாம்.

"இனி இருந்து என்ன பயன்?" என்பது போல் பேசினால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தனியே விடவும் வேண்டாம். போலீஸ் வழக்கு வருமோ என்ற பயமும் வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது சட்டப் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டு விட்டது. 1970-இலிருந்து இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம்.

வாரக் கடைசியில் பிள்ளை வீட்டுக்கு வந்தால், சி.ஜி.பி.ஏ. எவ்வளவு என்று கேட்பதற்கு முன், சோறு போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவன் பேசும்வரை காத்திருங்கள்.