பாதையை மறித்த பெனான் மக்கள்

சரவாக் மாநிலத்தின் பாராம் காட்டில் வாழும் பெனான் மக்களுக்குக் அன்று காட்டுச் சவ்வரிசிப் பனையின் மாவுதான் சோறாக இருந்தது. ஆற்று மீனும் காட்டுப்பன்றியும் கறியாக இருந்தன. வெட்டுமர நிறுவனங்கள் உள்ளே வந்தன. ஆறு சேறாயிற்று. பன்றிகள் விலகிப் போயின. முறையிட்டுப் பார்த்தார்கள், பலனில்லை.

1987 மார்ச்சில் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள் எல்லாரும் மரலாரிப் பாதையின் குறுக்கே கம்புகளைக் கட்டி, குடில் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். லாரிகள் நின்றன. வேலை நிறுத்தம் செய்தால் தோட்டத்தில் நமக்குக் கூலி போகும். கூலியே வாங்காதவர்கள் எதை நிறுத்துவார்கள்? பாதையைத்தான்.

அக்டோபரில் போலீசார் தடுப்புகளைப் பிரித்தனர். நவம்பரில் சரவாக் வனச் சட்டம் திருத்தப்பட்டது: வெட்டுமரப் பாதையை மறித்தால் இரண்டாண்டு வரை சிறை, 6,000 ரிங்கிட் வரை அபராதம். கையில் காசே புழங்காத மக்களுக்கு இந்த அபராதம்! 1988-இல் அவர்கள் மறுபடியும் பாதைக்கு வந்து அமர்ந்தார்கள்.