எண்ணிக்கையும் அளவும்
(பிள்ளையார்பாளையத்தில் 10-4-2025 அன்று நடைபெற்ற பகவான் மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற மாதம் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில் பேசிய நம் முதலமைச்சர், மணமக்கள் காலம் தாழ்த்தாமல் பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஆந்திர முதலமைச்சரும் அதே கருத்தைக் கூறி வருகிறார். என் பள்ளிப் பருவத்தில் சுவர்தோறும் சிவப்பு முக்கோணமும், ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்னும் வாசகமும் இருந்தன. அரை நூற்றாண்டில் பேச்சு இவ்வாறு தலைகீழானது ஏன்?

தொகுதிக் கணக்கே காரணம். மக்கள்தொகைக்கேற்ப நாடாளுமன்ற இடங்கள் பகிரப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. 1962இல் 41 இடங்களைப் பெற்றிருந்த நம் மாநிலம் 1967இல் 39ஆகக் குறைந்தது. குடும்பநலத் திட்டத்தைச் செம்மையாக நடத்திய மாநிலங்கள் தண்டனை பெறலாகாது என்பதற்காக, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படியே இடங்களை நிறுத்தி வைத்தது. 2001இல் வந்த 84ஆவது திருத்தம் அந்தத் தடையை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்தக் காலம் இப்போது வாயிலில் நிற்கிறது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3.0. சொன்னதைக் கேட்டு நடந்தவனுக்குப் பங்கு குறைவது முறையன்று. அந்த வாதத்தில் நான் தமிழ்நாட்டின் பக்கமே நிற்கிறேன். ஆயினும் அந்த அநீதிக்கு மருந்து சட்டத்தில் தேடப்பட வேண்டுமே அன்றிப் பெண்களின் வயிற்றில் அன்று.

இதே பேச்சு நம் சமூகக் கூட்டங்களிலும் கேட்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர். வடக்கிலிருந்து வந்து குடியேறியோரும் அதில் அடக்கம். அதே ஆய்வு இந்தியச் சமணப் பெண்களுக்குக் காட்டும் எண் 1.6. சிற்றூர்களில் கோயில் இருக்கிறது. பூசை காணக் குடும்பம் இல்லை. அந்த அச்சம் எனக்கும் உண்டு. அதை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒரு விழாவில் பெரியவர் ஒருவர் என் மகளிடம், “இன்னும் ஒன்று பெற்றுக்கொள்ளம்மா, நம் எண்ணிக்கை குறைகிறதே” என்றார். அவள் பதில் சொல்லாமல் பந்தி பரிமாறச் சென்றுவிட்டாள். அவள் முகத்தைக் கண்ட பிறகு அந்த வேண்டுகோளை நான் யாரிடமும் வைத்ததில்லை.

மக்கள் பெருகினால் இயற்கை அழியும் என்பது எதிர்த் தரப்பின் வாதம். அதையும் நம் ஊரில் வைத்தே சோதிப்போம். பழைய காஞ்சி நகராட்சி எல்லைக்குள் 2001இல் இருந்தோர் சுமார் 1,53,000. 2011இல் சுமார் 1,64,000. பத்தாண்டுகளில் நூற்றுக்கு ஏழு பேர் கூடினர். நம் தெருக்களில் வண்டிகளும், ஆழ்துளைக் கிணறுகளும், நெகிழிக் குப்பையும் நூற்றுக்கு ஏழா கூடின? இங்கிருந்து திருப்பருத்திக்குன்றம் செல்வோர் வேகவதியைக் கடந்து செல்கிறோம். திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கும் அந்த ஆறு, இன்று மழைக்காலம் தவிரப் பிற நாள்களில் கழிவுநீர்க் கால்வாய். வீட்டுச் சாக்கடையும் சாயக்கழிவும் அதில் கலக்கின்றன. பட்டின் பசை நீக்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிய நீர் எங்கே போகிறது என்று பட்டுடுத்தும் நாம் கேட்டதுண்டா? கரையில் குடிசை போட்ட ஏழைகளையே ஆக்கிரமிப்பாளர் என்றோம். அவர்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் குடியிருப்புகள் எழுந்தன. அவர்களைவிடப் பன்மடங்கு நீரைச் செலவழித்து, பன்மடங்கு கழிவை அனுப்பும் மாடிவீட்டார் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு குறைந்து வந்த அதே ஆண்டுகளில்தான் வேகவதி சாக்கடையானது.

இல்லறத்தாருக்குரிய ஐந்து விரதங்களுள் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. நிலம், வீடு, பொன், தானியம் இவ்வளவு போதும் என்று தாமே எல்லை கட்டிக்கொள்வது அது. இத்தனை பிள்ளை என்று அவ்விரதம் வரையறுக்கவில்லை. உடைமைக்கே வரையறை வகுத்தது. நீரையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டு என்று நம்பும் நமக்கு, மக்களை மட்டும் எண்ணும் கணக்கெடுப்பு எப்படி முழுக் கணக்காகும்? திரைலோக்கியநாதர் கோயிலில் நிற்கும் குரா மரம் தன் அளவில் குறைவதும் இல்லை, உயர்வதும் இல்லை என்பர் நம் முன்னோர். தாவரவியல் அறிந்தோர் அதை ஒப்புவார்களா என்பது வேறு. அளவை மெச்சிய மனம் அதில் தெரிகிறது.

கோயிலுக்குக் குடும்பம் இல்லையே என்ற கவலைக்கு வருகிறேன். இருக்கும் பிள்ளைகளுக்கு அருங்கலச்செப்பையும் நாலடியாரையும் கற்பிக்க நம்மில் எத்தனை பேர் ஞாயிறுதோறும் ஒரு மணிநேரம் ஒதுக்குகிறோம்? அடுத்த மாத முதல் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் நான் வகுப்பைத் தொடங்குகிறேன். மூன்று பிள்ளைகள் வந்தாலும் நடத்துவேன்.

இன்னொன்று. இன்றைய பந்தியில் வாழையிலை போட்டிருக்கிறோம், மகிழ்ச்சி. இலைக்கு ஒன்றாகத் தண்ணீர்ப் புட்டியும் வைத்திருக்கிறோம். துணியில் வடிகட்டியே நீர் பருக வேண்டும் என்னும் மரபில் வந்த நாம், நெகிழிப் புட்டியில் குடித்துவிட்டுப் பாதியை மீதி வைத்து எழுகிறோம். அடுத்த ஆண்டு இரண்டு பெரிய செப்புக் குடங்களும், வடிகட்டத் துணியும், குவளைகளும் என் செலவில் வாங்கித் தருவதாக விழாக் குழுவிடம் கூறியுள்ளேன். குவளை கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.