புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில்



நாங்கள் பணியாற்றும் தோட்டப் பள்ளியில் ஜூலை மாதக் கடைசியில் நாலைந்து பிள்ளைகள் வரமாட்டார்கள். காரணம் கேட்டால், "அன்னம்மா கோயில் திருநாள், சார்" என்று பதில் வரும். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்கள்! ஒரு மூதாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "ஏசுசாமிக்கு அவங்க பாட்டி ஆச்சே. பாட்டிகிட்டே சொன்னா பேரன் கேட்காமலா போவாரு?" என்றார். மரியாளின் தாயாரான அன்னம்மாளைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக விளக்க எங்களால் முடியாது.

இக்கோயில் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறையின் புக்கிட் மெர்தாஜாமில் மலையடிவாரத்தில் உள்ளது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்கே காடு திருத்திப் பயிர் செய்தவர்கள் ஹக்கா சீனக் கத்தோலிக்கர். அவர்களுக்காக 1846இல் பிரெஞ்சுக் குருமார் மலைச்சரிவில் ஒரு சிறு செபக்கூடம் எழுப்பினர். அக்காலத்தில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் கப்பலேறி வந்துகொண்டிருந்தனர். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். மொழி வேறு, ஊர் வேறு. முழந்தாளிட்ட இடம் மட்டும் ஒன்று.

மக்கள் பெருகவே, 1888இல் சோரின் என்ற குருவானவர் பெரிய கோயிலைக் கட்டினார். பழைய கோயில் என்று இன்று நாம் காண்பது அதுதான்.

1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டோரம் என்றாலே அபாயம் என்றாயிற்று. ஒதுக்குப்புறங்களில் வாழ்ந்த குடிகள் கம்பிவேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். மலையடிவாரக் கோயிலும் ஆள் நடமாட்டம் குறைந்து வெறிச்சோடியது. தோட்டங்களிலும் ஊரடங்கு, அரிசி கூட அளந்துதான் கிடைத்தது. அந்நாளில் சிறுவர்களாயிருந்தவர்கள் எங்களிடம் அரிசியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள், கோயிலைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள். பசித்தவனுக்கு நினைவில் நிற்பது அதுதானே.

1960இல் அவசரகாலம் முடிந்தது. ஆளில்லாத கோயில் பாழாய்ப் போவதே உலக வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. யாத்திரிகர் திரும்பி வந்தனர், ஆண்டுக்கு ஆண்டு கூடினர். 2002இல் புதிய பெரிய கோயில் எழுந்தது. அதன் கூரை மினாங்கபாவ் வீட்டுக் கூரைபோல் இரு முனையும் உயர்ந்திருக்கும். பழைய கோயிலை இடித்துவிடாமல் காத்ததைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். 2019இல் ரோமாபுரி இதற்குச் சிறு பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதி வழங்கியது.

திருநாள் ஜூலை 26. அதற்குமுன் நவநாள் செபங்கள் நடைபெறும். தமிழ், சீனம், ஆங்கிலம், மலாய் எனப் பல மொழிகளில் பூசை உண்டு. இரவில் அன்னம்மாளின் சுரூபம் பவனி வரும்போது, பின்னால் ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகள் ஊர்ந்து வரும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் கூடும் திருவிழா இது.

ஆனால் எங்கள் கண் அந்த விளக்குகளைவிட, வேலியோரம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கூட்டத்தையே தேடும். தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஒரே லயத்தில் பிறந்தவர்கள் சுங்கைப்பட்டாணியிலும் கிள்ளானிலும் ஜொகூரிலும் சிதறிக் கிடக்கிறார்கள். "நீ பத்தாம் நம்பர் வீட்டு மூத்தவன் மகள் இல்லையா?" என்ற கேள்வி அந்தப் பாயில்தான் பிறக்கிறது. சென்ற முறை அப்படி ஒருவர் எங்களை நிறுத்தி, "வாத்தியாரே, நம்ம பள்ளிக்கூடம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றோம். சோற்றுப் பொட்டலத்தை எங்கள் பக்கம் நகர்த்தி, உட்காரச் சொன்னார்.