கடைமாடியில் குடியிருக்கிறோம்: அனுமதி யாருக்கு?

(கள்ளக்குறிச்சியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கட்டட அனுமதி பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், இது கான்ட்ராக்டர் பேச வேண்டிய விஷயமாச்சே, விடுதலை பேசுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்டார்கள். வேலை இருக்கிறது. கடையாக, குடோனாக, ஆபீசாகக் கட்டின கட்டடத்தை வீடாக மாற்ற அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு போனால் போதும், சாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. வெள்ளிமலைப் பக்கமிருந்து மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் படிக்க இறங்கி வருகிறார்கள். சங்கராபுரம், சின்னசேலம், உளுந்தூர்பேட்டைப் பக்கச் சேரிகளிலிருந்து நம் பிள்ளைகள் வருகிறார்கள். ஊருக்குள்ளே வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி வாடகை பற்றி இல்லை. எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு? அப்பா பேரு என்ன? கறி சமைப்பீங்களா? சாதியைக் கேட்காமலே சாதியைக் கேட்கிற கேள்விகள். பதில் கிடைத்ததும், 'சொந்தக்காரங்க வர்றாங்கப்பா, அப்புறம் பாக்கலாம்.' அவ்வளவுதான்.

இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. வெளிநாட்டுப் படிப்பு முடித்து, பரோடா சமஸ்தானத்தில் பதவியேற்கப் போன அண்ணல் அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சிக்காரர் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாட்களில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் அவரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

தெரு மறுத்தவனை வணிக வளாகம் ஏற்றுக்கொள்கிறது. சாதி போய்விட்டதால் இல்லை, அங்கே சும்மா கிடக்கிற மாடிக்குக் காசு வருகிறது. படிக்கிற காலத்தில் நானும் இப்படி ஒரு கடைமாடியில் இருந்தேன். சரக்கு வைக்கக் கட்டிய கூடம். பிளைவுட் தடுப்பு போட்டு ஆறு அறை. என் அறைக்கு ஜன்னல் கிடையாது. தண்ணீர் கீழே போய்த் தூக்கி வரணும். கக்கூஸ் ஒன்றே ஒன்று, அதுவும் கடை பூட்டினால் பூட்டிவிடும். கூட இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், பாதிக்கு மேல் நம்ம ஆளுங்க, மிச்சம் மலையிலிருந்து வந்தவங்க. அந்த மாடியும் ஒரு சேரிதான். செங்கல்லால் கட்டின சேரி.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் புதிதாகக் கட்டுவதை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை. கட்டடத்தின் பயன்பாட்டைப் பெரிய அளவில் மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும் என்கிறது. கடை வீடாவது அப்படிப்பட்ட மாற்றம். மனுப் போடுகிறவர் பட்டா அல்லது பத்திரம் காட்டணும், வரைபடம் கொடுக்கணும், கட்டணம் கட்டணும். காற்று, வெளிச்சம், கழிப்பறை, தீ பிடித்தால் வெளியேறும் வழி, இதெல்லாம் குடியிருப்புக்கு உரியபடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இந்த அளவுகளைச் சொல்கின்றன.

கட்டட உரிமையாளர்கள் பல பேர் இந்தப் பக்கமே போவதில்லை. காகிதத்தில் அது கடை, உள்ளே மனுசன் குடியிருக்கிறான். இதனால் நஷ்டம் யாருக்கு? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். கடை இணைப்புக்கு அது கிடையாது, கட்டணமும் அதிகம். கடை மீட்டரில் இருக்கிற மாணவன் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் போட்டதற்கு வணிகக் கட்டணம் கொடுக்கிறான். வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டார்கள், எழுதினால் குடித்தனம் வைத்தது வெளியே தெரிந்துவிடும். ஒப்பந்தம் இல்லையென்றால் முகவரிச் சான்று இல்லை. அரசாங்கக் கணக்கில் அவன் அந்த ஊரிலேயே இல்லாதவன்.

'அப்படியென்றால் அனுமதியே வேண்டாம், எல்லாவற்றையும் திறந்து விடுங்கள்' என்று சில பேர் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் அதைச் செய்து பார்த்தார்கள். 2013 மே மாதம் முதல், ஆபீஸ் கட்டடங்களை முழு அனுமதி வாங்காமலே வீடாக்கலாம் என்று விட்டார்கள். ஹார்லோ என்ற ஊரில் டெர்மினஸ் ஹவுஸ் என்கிற 14 மாடி ஆபீஸ் கட்டடம் சின்னச் சின்ன வீடுகளாக்கப்பட்டது. லண்டன் நகராட்சிகள் வீடற்ற ஏழைக் குடும்பங்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளின. அரசே கேட்டு வாங்கிய ஆய்வு 2020இல் வந்தது. முழு அனுமதி இல்லாமல் இப்படி மாற்றிய வீடுகளில் சுமார் 22 விழுக்காடுதான் இடப்பரப்பு அளவைத் தொட்டன. முழு அனுமதி பெற்றவற்றில் சுமார் 73 விழுக்காடு தொட்டன. 2020இல் போதிய இயற்கை வெளிச்சம் கட்டாயம் என்றார்கள், 2021இல் குறைந்தபட்சப் பரப்பும் கட்டாயம் என்றார்கள். ஜன்னல் இல்லாத அறையில் ஏழைகளைக் குடிவைத்த பிறகு வந்த ஞானம்.

நம்ம ஊரில் இதற்குப் புதிதாகச் சட்டம் தேவைப்படவே இல்லை. அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாக இருளர்களும் தலித்துகளும் குடும்பத்தோடு அடைக்கப்பட்டபோது, வேலைக்களம் வீடானதற்கு எவன் பயன்பாட்டு மாற்ற அனுமதி கேட்டான்? கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அதற்குப் பிறகும் பல வருஷங்கள் ஆலைகளிலிருந்து மக்களை மீட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே தோழர்களே, அனுமதி என்பது வெறும் தடை இல்லை. ஜன்னல் வை, கக்கூஸ் கட்டு, தீ பிடித்தால் தப்பிக்க வழி விடு என்று முதலாளியைக் கட்டாயப்படுத்துகிற ஆயுதமும் அதுதான். அந்த ஆயுதம் நம் கையில் இல்லை என்பதுதான் பிரச்சினை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். அனுமதி இல்லாத மாடி என்று நாம் மனுப் போட்டால் என்ன ஆகும்? அதே சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி அதிகாரி நடவடிக்கை எடுக்கலாம், பூட்டி சீல் வைக்கலாம். மறுநாள் நம் பையன் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பான், கட்டடக்காரன் மறுபடி சரக்கு அடுக்கிக்கொள்வான். அதனால் 'சட்டவிரோதக் கட்டடத்தை மூடு' என்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. குடியிருப்பவரை வெளியேற்றாமல் கட்டடத்தைச் சரிசெய், வீடாக மாற்றிப் பதிவு செய், மின் இணைப்பை வீட்டு இணைப்பாக்கு, இவைதான் நம் கோரிக்கை.

சொந்த வீடு என்று வந்தால் கதை இன்னும் கொடுமை. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். நல்லதுதான். ஆனால் கணினி முதலில் கேட்பது நில ஆவணம். சேரிக்காரன் கையில் அது எங்கே இருக்கிறது? பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவனுக்கு அந்த மனை சொந்தம் என்று சொல்ல 1971இல் குடியிருப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. மனைக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் பட்டா கையில் இருக்கும், அளந்து காட்டின இடம் இருக்காது. 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். மனைக்குப் பட்டா இல்லாத குடிசைக்காரன் அதையும் வேடிக்கைதான் பார்க்கணும்.

மலைக்குப் போங்கள். கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார் ஆட்சி. அது போனதும் வனத்துறை. 2006 வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் குடியிருந்து உழுகிற பழங்குடிக்கு உரிமை உண்டு என்றது. வேறு மாநிலங்களில் பட்டா கொடுத்துக்கொண்டிருந்தபோது, தமிழ்நாட்டில் 2008இல் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது நின்றது. 2016இல் உச்சநீதிமன்றம்தான் அந்தத் தடையை நீக்கியது. எட்டு வருஷம்! 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. பிணம் விழுந்த பிறகுதான் மலை கண்ணுக்குத் தெரிகிறது. மலையில் மனைக்குக் காகிதம் இல்லை, கீழே இறங்கினால் அறைக்குக் காகிதம் இல்லை. இரண்டும் ஒரே பிரச்சினை.

என்ன செய்யலாம்? நாலு வேலை சொல்கிறேன்.

ஒன்று, கணக்கெடுப்பு. எந்தெந்தக் கடைமாடியில் எத்தனை பேர், ஜன்னல் உண்டா, கழிப்பறை எத்தனை, மீட்டர் எந்த வகை என்று மாணவர்களே எழுதுங்கள். குடியிருப்பவர் பெயர் வெளியே வரக்கூடாது.

இரண்டு, தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, அந்தக் கட்டடங்களுக்கு எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கொடுத்தீர்கள் என்று நகராட்சியைக் கேளுங்கள். தனி ஆளாகக் கேட்க வேண்டாம், அமைப்பின் துணையோடு கேளுங்கள்.

மூன்று, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்க முடியாது, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த முடியாது. இதை அச்சடித்து ஒவ்வொரு மாடிக்கும் கொண்டுபோங்கள்.

நான்கு, சாதி பார்த்து வீடு மறுத்தால் 1955 குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது அதன் 4ஆம் பிரிவின்படி குற்றம். வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், அதனால் சாட்சியோடு போங்கள், தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கடைமாடிக்கு ஜன்னல் கேட்டுப் போராடுவதால் ஊர்த்தெருவில் குடியிருக்கும் உரிமையை நாம் விட்டுக்கொடுத்துவிடவில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்போம். கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். கடைத்தெருவிலிருந்தே தொடங்கலாம்.

ஜெய்பீம்.